பத்து மணித் தாகம்

மாமனாரின் கால் வீங்கும்போதெல்லாம் வீட்டில் எல்லோரும் மருமகளின் முகத்தைத்தான் பார்த்தார்கள். கால் அவருடையது. இதயம் அவருடையது. எழுபத்து நான்கு வயதும் அவர் யாரிடமும் கேட்காமல் தாமே சேர்த்துக்கொண்டதுதான். ஆனால் உப்பு டப்பா இருந்த அலமாரி மருமகளின் பொறுப்பில் இருந்தது. ஒருத்தியைக் குற்றவாளி ஆக்க அது போதாதா?

அவள் நீதிமன்றத்தில் தட்டச்சர். பதினாறு வருஷமாகப் பிறர் சொல்லும் வாக்குமூலங்களை அடித்துக் கொடுத்து வருகிறாள். அங்கே கோழி திருடியவனைக்கூட நிற்க வைத்து, "உன் தரப்புல சொல்ல ஏதாவது இருக்கா?" என்று ஒரு முறையாவது கேட்பார்கள். வீட்டில் அந்த வசதி கிடையாது.

வியாதி தொடங்கி ஒன்பது மாதம் ஆகிறது. முதலில் மாமனாரின் செருப்பு காலில் ஏற மறுத்தது. பிறகு மாடிப்படியில் பாதி ஏறியதும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஏதோ மறந்துவிட்டவர் போல நிற்க ஆரம்பித்தார். படுத்தால் மூச்சு முட்டியது. ஒரு தலையணை இரண்டாகி, இரண்டு மூன்றாகி, கடைசியில் நாற்காலியிலேயே தூங்கினார். கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினால் குழி விழுந்து, நெடுநேரம் அப்படியே இருந்தது. ஒரே வாரத்தில் நாலு கிலோ எடை ஏறியிருந்தது. சாப்பிட்டு ஏறிய எடை இல்லை அது. அத்தனையும் தண்ணீர்.

ஆஸ்பத்திரியில் இதய டாக்டர் பார்த்தார். அவருக்கு நாற்பது வயதுக்குள்தான் இருக்கும், கண்ணுக்குக் கீழே மட்டும் அறுபது வயது தெரிந்தது. இ.சி.ஜி., எக்ஸ்ரே, எக்கோ, ரத்தம், தைராய்டு, சிறுநீரகம் என்று வரிசையாக எல்லாம் எடுத்தார்கள். இதயம் நன்றாகவே அடிக்கிறது, கொஞ்சம் விறைத்திருக்கிறது, அதனால் உடம்பில் சேரும் தண்ணீரைச் சமாளிக்க முடியவில்லை என்றார். இதற்கு இதயச் செயலிழப்பு என்று பெயர், செயலிழப்பு என்றால் நின்றுபோவது இல்லை, தளர்ந்துபோவது என்று மூன்று முறை விளக்கினார். நாலாவது முறை நாத்தனார் டாக்டருக்கே விளக்கினாள்.

நாத்தனாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள். குடும்பத்தில் அவளுக்குப் பாதி டாக்டர் என்று பெயர். பல்லைத் தவிர மற்ற எல்லா உறுப்புக்கும் வைத்தியம் சொல்வாள். தனி வீட்டில் இருந்தாலும் வாரம் ஒரு முறை அப்பாவைப் பார்க்க வருவாள். வந்ததும் முதலில் சமையலறைக்குள் நுழைந்து, மூடியிருக்கும் பாத்திரங்களை எல்லாம் திறந்து பார்ப்பாள். அப்பாவைப் பார்ப்பது அதற்குப் பிறகு.

கணவர் சாலை சிக்னல்களைப் பழுது பார்க்கிறவர். வெளியே சிவப்பும் பச்சையும் எரிய வைப்பார். வீட்டுக்குள் வந்தால் அவரிடம் எப்போதும் மஞ்சள் மட்டும்தான். அக்கா ஒன்று சொன்னாலும் தலையாட்டுவார், மனைவி வேறு ஒன்று சொன்னாலும் தலையாட்டுவார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினால் கடைக்குக் கிளம்பிவிடுவார்.

டாக்டர் இரண்டு உத்தரவு போட்டார். உப்பு மிக மிகக் குறைவாக. தண்ணீர் ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர், அதற்கு மேல் ஒரு சொட்டு கூடாது. முட்டி வலிக்கு மாமனார் போட்டுக்கொண்டிருந்த மாத்திரை இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் ஆகாது என்று அதையும் நிறுத்தினார்.

தண்ணீர்க் கணக்கை மாமனார் தாமே எடுத்துக்கொண்டார். அவர் எடை அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்து மூன்று வருஷம் கடை கடையாகப் போய்த் தராசுத் தட்டுக்கு அடியில் கைவிட்டுப் பார்த்தவர். அளவுக் குவளையைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, கோடு தொடுகிறதா என்று பார்த்துத்தான் குடிப்பார். உடனே ஒரு நீள நோட்டில் நேரமும் அளவும் எழுதுவார். டாக்டர் அந்த நோட்டைப் பார்த்து, "எல்லா நோயாளியும் இப்படி இருந்தா எங்களுக்கு வேலையே இருக்காது" என்றார். அன்றிலிருந்து அந்த நோட்டுக்கு வீட்டில் தனி மரியாதை வந்தது. மாமனார் அதை யார் கையிலும் கொடுப்பதில்லை.

உப்பு மருமகளின் பங்குக்கு வந்தது. தனித்தனியாகச் சமைக்க அவளுக்கு நேரம் ஏது? வீடு முழுவதுக்கும் உப்பில்லாச் சமையல்தான். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று சொன்னவர் யாரோ, அவர் இந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துவிட்டு எழுந்துபோய்ச் சொல்லியிருக்க வேண்டும். காய் காகிதமாக இருந்தது. முட்டை ரப்பராக இருந்தது. கணவர் மெல்லாமலே விழுங்கினார், பிறகு கடைக்குக் கிளம்பினார். மருமகள் மட்டும் ஒரு சின்ன மாத்திரைக் குழாயில் உப்பு அடைத்து, மாவு டப்பாவுக்குப் பின்னால் வைத்திருந்தாள். காலையில் அதைக் கைப்பையில் போட்டுக்கொள்வாள். மதியம் நீதிமன்றத்து வராந்தாவில் தன் டிபன் மேல் தூவிக்கொள்வாள். அந்தக் குழாயின் மூடிக்குள் ஈரம் உறிஞ்சும் மணிகள் இருந்ததால் உப்பு கட்டி தட்டாமல் உதிரியாக விழும். வீட்டில் அந்த மாதிரிக் காலிக் குழாய்கள் நிறையக் கிடந்தன. ஒன்றில் ஊசி, ஒன்றில் பட்டன், கணவரிடம் நாலைந்தில் திருகாணி. மாமனார் அறைக் குப்பைக் கூடையிலிருந்து வாரம் இரண்டு மூன்று வரும். எலுமிச்சைப் படம் போட்டிருக்கும். ஏதோ சத்து மாத்திரை, மகள் வாங்கித் தருகிறாள் என்று மருமகள் நினைத்திருந்தாள். யாரும் விசாரித்ததில்லை.

இவ்வளவு செய்தும் மாமனார் இரண்டு முறை ஆஸ்பத்திரியில் படுத்தார். அங்கேதான் வேடிக்கை. ஆஸ்பத்திரியில் சேர்ந்த நாலாவது நாள் கால் வற்றிவிடும். மூச்சு சீராகிவிடும். இரண்டு தலையணையைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். வீட்டுக்கு வந்து இரண்டு வாரத்தில் மறுபடி செருப்பு ஏறாது.

"அங்க நல்லா ஆயிடறார், இங்க வந்தா கெட்டுப் போறார்னா என்ன அர்த்தம்? நான் ஒண்ணும் சொல்லல. சின்னக் குழந்தைக்குக்கூடப் புரியும்" என்றாள் நாத்தனார். ஒன்றும் சொல்லாமலேயே அவள் சொல்லக்கூடியது அவ்வளவு.

"நான் உப்பே போடறதில்ல அண்ணி."

"போடறேன்னு நான் சொன்னேனா?"

கணவர் கடைக்குக் கிளம்பினார்.

சந்தேகத்தைத் தீர்க்க டாக்டர் ஒரு சோதனை சொன்னார். இருபத்து நாலு மணி நேரச் சிறுநீர் முழுவதையும் ஒரு கேனில் பிடிக்க வேண்டும். உடம்புக்குள் எவ்வளவு உப்பு போகிறது என்று அதில் தெரிந்துவிடும். மாமனார் அதை அரசாங்க வேலையாகவே செய்தார். ஒரு துளி சிந்தவில்லை. முடிவு வந்தது. ஒரு நாளைக்குப் பதினோரு கிராம் உப்பு. இவர் சாப்பிட வேண்டியதைப் போல மூன்று மடங்கு. இளைய டாக்டர் ஒருவர் காகிதத்திலிருந்து தலையைத் தூக்கி, "வீட்ல சமைக்கிறது யாரு?" என்று கேட்டார். மூன்று பேரும் ஒரே பக்கம் திரும்பினார்கள். கணவர்கூட, பாவம், பழக்கத்தில் திரும்பிவிட்டார்.

மருமகள் அன்று கைப்பையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். காரணம் அவளுக்கு மட்டும் தெரியும். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்.

நாலு மாதத்துக்கு முன்னால் மாமனாரின் பிறந்தநாள். ஸ்பூனால் சூப்பைக் கலக்கிக்கொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. ஊரிலுள்ள கடைக்காரர்களை எல்லாம் நடுங்க வைத்த மனிதர், தட்டைப் பார்த்துத் திட்டு வாங்கிய பிள்ளை போல உட்கார்ந்திருந்தார். அவளுக்குத் தாங்கவில்லை. கிண்ணத்தைச் சூடு பண்ணித் தருவதாக உள்ளே எடுத்துப்போய், குழாயிலிருந்து இரண்டு விரலால் ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டாள். ஒரே ஒரு சிட்டிகை. அதற்குப் பிறகு போடவே இல்லை. ஆனாலும் மூன்றாவது முறையாக மாமனாரை ஸ்ட்ரெச்சரில் ஏற்றிக்கொண்டு போனபோது, அவர் உதடு நீலம் பாரித்திருந்ததைப் பார்த்தபோது, அந்த ஒரு சிட்டிகைதான் அவள் நினைவுக்கு வந்தது. நான்தான் செய்தேனோ என்று நினைத்தாள். பதினோரு கிராம் எங்கே, ஒரு சிட்டிகை எங்கே என்று கணக்குப் போடத் தெரியாதவளா? தெரியும். பயத்துக்குக் கணக்குத் தெரியாது. இந்த மனிதர் செத்துப்போனால் காலத்துக்கும் நான்தான் கொன்றேன் என்பார்கள், நானும் அதை நம்பிவிடுவேன் என்று அழுதாள்.

அவள் ஆஸ்பத்திரியில் மாமனாருக்குக் காவல் உட்கார்ந்திருந்த நேரத்தில் நாத்தனார் வீட்டில் சோதனை போட்டாள். மாவு டப்பாவுக்குப் பின்னால் குழாய் கிடைத்தது. மூடியைத் திறந்து, விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். பாதி டாக்டர் அன்று முழு போலீஸ் ஆனாள்.

நாலாவது நாள், வழக்கம்போலக் கால் வற்றி, மாமனார் தெம்பாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு அனுப்புவதற்கு முன் பேச வேண்டும் என்று டாக்டர் எல்லோரையும் கட்டிலைச் சுற்றி வரச் சொல்லியிருந்தார். நாத்தனார் கைப்பையைத் திறந்து, குழாயை எடுத்து, சாப்பாட்டுப் பலகையின் மேல் டாக்டருக்கு முன்னால் வைத்தாள். நீதிமன்றத்தில் தடயப் பொருளை இவ்வளவு அழகாக வைத்து மருமகள் பார்த்ததில்லை.

"உப்பு, டாக்டர். சமையக்கட்டுல ஒளிச்சு வச்சிருந்தா. உப்பத் தின்னவன் தண்ணி குடிச்சுத்தானே ஆகணும். எங்கப்பா இனிமே என் வீட்டுக்கு வரட்டும். இவ கையால ஒரு வாய் வேண்டாம்."

"அக்கா" என்றார் கணவர். அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் வரவில்லை. பக்கத்தில் கடையும் இல்லை.

"அது எனக்கு, டாக்டர்" என்றாள் மருமகள். "ஆபீஸ்ல மதியம் என் சாப்பாட்டுல போட்டுக்குவேன். மாமாவுக்கு ஒரே ஒரு நாள் ஒரு சிட்டிகை போட்டேன். அவர் பிறந்தநாளைக்கு. பொய் சொல்லல."

"பாத்தீங்களா, ஒத்துக்கிட்டா" என்றாள் நாத்தனார்.

டாக்டர் குழாயைத் திறந்தார். உள்ளே இருந்த உப்பைப் பார்த்தார். மூடினார். பிறகு, எல்லோரும் தன் தீர்ப்புக்காகக் காத்திருக்க, அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, குழாயை மூக்குக்குப் பக்கத்தில் பிடித்து, அதன் மேல் ஒட்டியிருந்த காகிதத்தைப் படிக்க ஆரம்பித்தார். எறும்பு ஊர்வது போன்ற எழுத்து. குழாயைச் சுற்றிச் சுற்றிப் படித்தார்.

"இந்தக் குழாய்ல முன்னாடி இருந்தது யாருடைய மாத்திரை?"

மருமகள்தான் சொன்னாள்: "மாமாவோடது. அவர் ரூம் குப்பைலேருந்து எடுத்தேன்."

"அது மாத்திரையே இல்ல டாக்டர்" என்றாள் நாத்தனார். "முட்டி வலிக்கு நீங்க மாத்திரையை நிறுத்திட்டீங்க. மனுஷன் வலில துடிச்சா பாத்துக்கிட்டு இருக்க முடியுமா? அதான் தண்ணில போட்டா பொங்கிக் கரையுமே, அந்த மாதிரி வாங்கிக் குடுத்தேன். வயித்துக்கு ஒண்ணும் பண்ணாது. சீட்டே வேண்டாம், யாரும் வாங்கலாம்."

"ஒரு நாளைக்கு எத்தனை?"

"வலிச்சா போட்டுக்கச் சொன்னேன்."

டாக்டர் மாமனார் பக்கம் திரும்பி, "உங்க நோட்டைக் கொஞ்சம் குடுங்க" என்றார். தலையணைக்கு அடியிலிருந்து நோட்டு தயக்கத்தோடு வெளியே வந்தது. டாக்டர் பக்கங்களைப் புரட்டினார். ஒன்பது மாதமாக எல்லோரும் மெச்சிய நோட்டு. மெச்சினார்களே தவிர, யாரும் படிக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

"காலைல ஆறு மணி, இருநூறு மில்லி. பத்து மணி, இருநூறு. ரெண்டு மணி, இருநூறு. சாயங்காலம் ஆறு மணி, இருநூறு. தினமும். ஒரு நாள் தவறல, ஒரு நிமிஷம் தவறல. மத்த நேரமெல்லாம் நாப்பது, எழுபதுன்னு கன்னாபின்னான்னு இருக்கு. இது மட்டும் கடிகாரம் மாதிரி." அவர் நோட்டை மூடினார். "தாகம் மணி பாத்து வராதுங்க. மருந்துதான் மணி பாத்து வரும். ஒரு தடவைக்கு எத்தனை போடுவீங்க?"

"ரெண்டு" என்றார் மாமனார்.

"அப்ப ஒரு நாளைக்கு எட்டு. இந்த மருந்து நல்ல மருந்துதான். இங்க முட்டி வலிக்கு நர்ஸ் உங்களுக்குக் குடுக்கிறதும் இதேதான். ஆனா அது அப்படியே முழுங்கற மாத்திரை. இது பொங்கிக் கரையணும்கிறதுக்காகவே இதுல சோடியம் சேப்பாங்க. இந்தக் காகிதத்துல போட்டிருக்கு. ஒரு மாத்திரை கிட்டத்தட்ட ஒரு கிராம் உப்புக்குச் சமம். எட்டு மாத்திரைல எட்டு கிராம் ஆச்சு. மிச்சம் மூணு கிராம் ரொட்டிலயும் பால்லயும் ஏற்கெனவே இருக்கிறது." டாக்டர் மருமகளைப் பார்த்தார். "உங்க சமையல்ல இருந்து ஒண்ணும் இல்ல."

வார்டில் யாரோ ஒரு தட்டைக் கீழே போட்டார்கள். நாத்தனார் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்பார்கள். இவர்கள் கையில் உப்பை வைத்துக்கொண்டு உப்புக்கு அலைந்திருக்கிறார்கள்.

"வேற மருந்து ஏதாவது சாப்பிடறீங்களான்னு கேட்டப்ப இதைச் சொல்லியிருக்கலாமே ஐயா."

"மருந்துன்னு எனக்கு யார் சொன்னா?" என்றார் மாமனார். "இதமா இருக்கும்னு பொண்ணு குடுத்தா. தண்ணியைத்தான் எழுதச் சொன்னீங்க. எழுதினேன். அதுல என்ன கரைஞ்சிருக்குன்னு கேக்கலையே." சொல்லிவிட்டு அவரே தலையைக் குனிந்துகொண்டார். முப்பத்து மூன்று வருஷம் அவரிடம் பிடிபட்ட கடைக்காரர்கள் சொன்ன பதில் அது.

"தப்பு எங்க மேலயும் இருக்கு" என்றார் டாக்டர். "நாங்க சீட்டுல எழுதினதை மட்டும்தான் கேட்டுக்கிட்டிருந்தோம்." அவர் அதைச் சாதாரணமாகச் சொன்னார். அந்தக் கட்டிலைச் சுற்றி நின்றவர்களில் அப்படிச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

நாத்தனார் விழுந்தாள், ஆனால் மீசையில் மண் ஒட்டவில்லை. "நான் ஆரம்பத்துலேருந்து சொல்லிட்டிருந்தேன், வீட்டுக்குள்ளதான் ஏதோ இருக்குன்னு" என்றாள். கணவர் மனைவியின் பக்கத்தில் வந்து நின்றார். முதல் முறையாக விளக்கு பச்சைக்கு மாறியது. என்ன பிரயோஜனம், சாலையில்தான் வண்டி ஒன்றும் இல்லையே.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. டாக்டர் நோட்டைத் திருப்பிக் கொடுத்தபோது அது மருமகளின் கை வழியாகப் போனது. ஒரு பக்கம் விரிந்துகொண்டது. கடைசிக் கட்டத்தில், குறிப்பு என்ற தலைப்புக்குக் கீழே, சிவப்பு மையில் எழுதியிருந்தது: கால் வீக்கம். உப்பு, மருமகள். அடுத்த பக்கத்திலும் இருந்தது. அதற்கு அடுத்ததிலும். ஒன்பது மாதம் அவளிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசாத மனிதர், கால் வீங்கிய நாளெல்லாம் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு அவள் மேல் புகார் எழுதியிருக்கிறார். நாத்தனார் முகத்துக்கு நேராகப் பேசியது இவ்வளவு வலிக்கவில்லை. மருமகள் நோட்டை மூடி அவரிடம் கொடுத்தாள். வீட்டுக்குப் போகும் வழி முழுக்க ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த மாத்திரை நின்றது. முழுங்கும் மாத்திரை வந்தது. ஒரு மாதத்தில் மாமனாருக்குச் செருப்பு ஏறியது, ஒரு தலையணை போதும் என்றானது. மாடிப்படியில் நடுவில் நிற்காமல் ஏறினார். வீட்டில் யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. நாத்தனார் இப்போதும் வாரா வாரம் வந்து பாத்திரம் திறந்து பார்க்கிறாள், என்ன சமையல் என்று தெரிந்துகொள்ளத்தான் என்கிறாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாமனார் நோட்டை எடுத்துக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றார். "இதைக் கொஞ்சம் சரி பாரும்மா" என்று அவளிடம் நீட்டினார். யார் கையிலும் கொடுக்காத நோட்டு.

கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். ஆறு, பத்து, இரண்டு, ஆறு மணிக்கு எழுதிய ஒவ்வொரு இருநூறுக்கும் பக்கத்தில் மாத்திரை இரண்டு என்று புதிதாக எழுதியிருந்தார். சிவப்பு மையில் மருமகள் என்று இருந்த ஒவ்வொரு இடத்திலும் ஒரே நேர்கோடு போட்டு அடித்து, பக்கத்தில் தவறு என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதி போட்டிருந்தார். அரசாங்கத் தாளில் அழிக்கக் கூடாது, அடித்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது அவர் காலத்து விதி. அறுபத்து மூன்று இடம். அறுபத்து மூன்று கையெழுத்து. வாயால் ஒரு முறை சொல்லியிருந்தால் வேலை முடிந்திருக்கும். அது அவருக்கு வராது.

தட்டச்சரின் கண் எதையும் விடாது. கடைசிவரை பார்த்துவிட்டு, நடுவில் ஒரு பக்கத்தை விரித்து அவரிடம் காட்டினாள்.

"ஒரு எடத்துல அடிக்காம விட்டுட்டீங்க மாமா."

"விடல" என்றார் மாமனார். "அது என் பிறந்தநாள். அன்னிக்கு சூப்புல நிஜமாவே உப்பு இருந்துச்சு. நான் தப்பா ரிப்போர்ட் எழுத மாட்டேன்."

அவள் அந்த வரியை மறுபடி பார்த்தாள். உப்பு, மருமகள் என்று சிவப்பில் இருந்தது. அதற்குக் கீழே, சின்ன எழுத்தில், அன்றைக்கே எழுதிய மங்கிய நீல மையில் இன்னும் ஒரு வரி இருந்தது. இன்னொரு கிண்ணம் கேட்டேன். இல்லை என்று சொல்லிவிட்டாள்.